ஒன்றுபோல் தெரியும் கிளாஸ்கள் எங்கே பிரிகின்றன

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வரும் புதியவர் விதிநூலைப் புரட்டியதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: விசார்ட், சார்சரர், வார்லாக் மூன்று பேருமே மந்திரம் போடுகிறவர்கள், அப்புறம் எதற்கு மூன்று கிளாஸ், அதாவது மூன்று பாத்திர வகை? பழகிய ஆட்டக்காரர்களிடம் தயாரான பதில் உண்டு. விசார்ட் படித்துக் கற்றவர். சார்சரருக்கு மந்திரம் பிறப்பிலேயே ரத்தத்தில் வந்தது. வார்லாக் ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு அதை வாங்கியவர். பதில் சரிதான். ஆனால் அது பாத்திரத்தின் முன்கதையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து ஆடும்போது என்ன மாறும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. மூவரும் ஒரே ஃபயர்பாலை எறிந்து, ஒரே எட்டுப் பகடைகளை உருட்டி, ஒரே சேதத்தைக் கணக்கிட்டால், ஒருவருடைய முப்பாட்டன் டிராகனாக இருந்ததால் அன்றைய ஆட்டத்தில் மாறியது என்ன?

இந்த ஆட்டத்தின் விதிநூல்களை ஒவ்வொரு பதிப்பாக எடுத்து ஒப்பிட்டால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அருகருகே நிற்கும் இரண்டு கிளாஸ்களை உண்மையில் பிரித்து வைப்பது, ஆட்டக்காரர் எப்போது, எதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதே. முடிவெடுக்கும் நேரம் வேறாக இருந்தால் கதை கொஞ்சம் ஒத்துப்போனாலும் இரண்டும் தனித்து நிற்கின்றன. அந்த நேரம் ஒன்றாகிவிட்டால், எவ்வளவு அழகான முன்கதை இருந்தாலும் ஒன்று மற்றதின் நிழலாகிவிடுகிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மந்திரக்காரர்கள், தெய்வத்தின் ஆட்கள், ஆயுதம் ஏந்துகிறவர்கள் என்று மூன்று கூட்டத்தையும் பார்க்கலாம்.

முதலில் இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்: ஃபைட்டிங்-மேன், மேஜிக்-யூசர், கிளெரிக். இந்த மூன்றில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒருவர் வாளெடுப்பார், ஒருவர் மந்திரம் போடுவார், ஒருவர் கூர்முனை இல்லாத ஆயுதத்தோடு நடமாடும் பிணங்களை விரட்டி, காயம் ஆற்றுவார். அந்தக் கிளெரிக் பிறந்ததே ஒரு தேவைக்காகத்தான். ஆர்னெசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபாங் என்ற வாம்பயர் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட, அதை எதிர்க்க ஒரு வான் ஹெல்சிங் வேண்டியிருந்தது. ஒரு கிளாஸ் எப்படிப் பிறக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. மேசையில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதைச் செய்ய ஓர் ஆள் வந்தார்.

அடுத்து வந்தவர்கள் பலர் கதைப் புத்தகங்களிலிருந்து வந்தவர்கள். 1975இல் கிரேஹாக் துணைநூலில் தீஃபும் பாலடினும் வந்தார்கள். பாலடினுக்குப் பின்னால் போல் ஆண்டர்சனின் நாவல் நாயகன் ஹோல்கர் கார்ல்சன் இருந்தார். அதே ஆண்டு த ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ இதழில் வந்த ரேஞ்சர், டோல்கினின் அரகோர்னை அப்படியே உரித்து வைத்தது. 1976இல் ட்ரூயிட். 1978இல் வந்த அட்வான்ஸ்ட் டி அண்ட் டி பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இவர்களைத் தாய்க் கிளாஸ்களின் கீழ் பிள்ளைகளாக அடுக்கியது: ஃபைட்டரின் கீழ் பாலடினும் ரேஞ்சரும், கிளெரிக்கின் கீழ் ட்ரூயிட், மேஜிக்-யூசரின் கீழ் இல்யூஷனிஸ்ட், தீஃபின் கீழ் அசாசின்.

அந்த நாளில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தது பெரும்பாலும் தடைகள். பாலடின் ஆக கரிஸ்மா 17ஆவது இருக்க வேண்டும், மனிதனாக இருக்க வேண்டும், நன்னெறி பிசகக் கூடாது. மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தே ஒரு தீய காரியம் செய்தால் அந்தப் பட்டம் அன்றோடு போய்விடும், திரும்பாது. மீதி வாழ்நாள் முழுக்க வெறும் ஃபைட்டர். ரேஞ்சர்கள் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து இயங்கக் கூடாது. தூக்கிச் செல்ல முடிகிற அளவுக்கு மேல் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய ஆட்டக்காரர்கள் பலர் இந்தத் தடைகளைக் கொடுங்கோன்மை என்கிறார்கள். பிடிபட்ட கைதியை என்ன செய்வது என்பது பற்றி நடந்த வாக்குவாதத்தில் உடைந்துபோன குழுக்கள் உண்டு என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தடைகள் ஒன்றைச் சாதித்தன. கைதி காலில் விழும் அந்த நொடியில், ஃபைட்டருக்கு இல்லாத ஒரு கேள்வி பாலடினுக்கு இருந்தது.

இனி மந்திரக்காரர்கள். ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய த டையிங் எர்த் கதைகளில், மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்வார். சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு நாளில் போடக்கூடிய ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஓர் இடம், அதுதான் ஸ்லாட். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்த மந்திரம் என்று எழுதிவிட வேண்டும். மூன்று ஃபயர்பால் வேண்டும் என்றால் மூன்று இடத்தில் எழுத வேண்டும். மதியம் ஆற்றைக் கடக்கப் பறக்க வேண்டியிருந்தால், பறக்கும் மந்திரத்தைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தால் உண்டு.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது மான்ட்டி குக், ஜோனதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் இதன் பக்கத்திலேயே சார்சரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மந்திரப் பட்டியல். வித்தியாசம் முழுக்க நேரத்தில். சார்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் கொஞ்சம், ஆனால் எதை எப்போது போடுவது என்பதை அந்த நொடியில் முடிவு செய்யலாம். விசார்ட் மூன்றாம் நிலை மந்திரங்களை 5ஆம் லெவலில் தொடுவார். சார்சரர் 6ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் அந்த நிலையில் ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும், ஆனால் அதை நாளுக்கு மூன்று தடவை போடலாம். விசார்டின் முடிவு அன்றாடம் காலையில். சார்சரரின் முடிவு லெவல் ஏறும்போது ஒரு தடவை, பிறகு சண்டையின் நடுவில் கணத்துக்குக் கணம். பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறாமல் இரண்டு கிளாஸ்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்த வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வார்லாக் 2004இல் கம்ப்ளீட் ஆர்கேன் என்ற துணைநூலில் வந்தது. அதற்கு ஸ்லாட்டே கிடையாது. எல்ட்ரிட்ச் பிளாஸ்டை நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசலாம். சேமித்து வைக்க வேண்டுமே என்ற கவலை இல்லாத மந்திரக்காரர். இதுவும் சுத்தமான பிரிவினை.

பிறகு 2014இல் ஐந்தாம் பதிப்பு. விசார்டின் வான்ஸ் பாணிக் கெடுபிடி பலருக்குச் சலித்துப்போயிருந்தது, அதைத் தளர்த்தினார்கள். காலையில் மந்திரங்களின் பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த ஸ்லாட்டை எதற்குச் செலவழிப்பது என்பதைப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம். விசார்டுக்கு நல்ல மாற்றம். ஆனால் சார்சரருக்கென்று இருந்த ஒரே நிலத்தை அது எடுத்துக்கொண்டது. அந்த நொடியில் முடிவு செய்யும் சுதந்திரம் இப்போது எல்லாருக்கும் பொது. ஆயினும் சார்சரரின் பழைய வறுமை மட்டும் அப்படியே இருந்தது. 20ஆம் லெவலில்கூட 15 மந்திரங்கள்தான். அதே லெவலில் விசார்டின் ஏட்டில் குறைந்தது 44. அதில் 25ஐ அன்றன்று தயாராக வைத்துக்கொள்ளலாம்.

இழப்பீடாக சார்சரருக்கு மெட்டாமேஜிக் கிடைத்தது: மந்திரத்தின் வடிவத்தையே போடும் நேரத்தில் வளைக்கும் வித்தை. அது எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை ஒரே ஓர் அறையில் வைத்துப் பார்க்கலாம். மந்திரக்காரர்கள் மூவரும் 5ஆம் லெவல். கல் மண்டபத்தில் எட்டு ஓர்க்குகள். நடுவில் அகப்பட்டுக்கொண்டு கோடாரி வீசிக்கொண்டிருக்கிறார் நம் குழுவின் ஃபைட்டர். இப்போது ஃபயர்பால் போட்டால் ஓர்க்குகள் கருகும், நண்பரும் கருகுவார்.

சார்சரர் கேர்ஃபுல் ஸ்பெல்லை எடுக்கிறார். ஒரு சார்சரி பாயிண்ட் செலவு. மந்திரத்திலிருந்து தப்ப நண்பர் உருட்ட வேண்டிய சேவிங் த்ரோ தானாகவே வெற்றி. ஆனால் ஃபயர்பாலில் வெற்றி பெற்றவருக்கும் பாதிச் சேதம் உண்டு. ஃபைட்டர் அதை வாங்கிக்கொள்கிறார். அதே இடத்தில் எவொக்கேஷன் பள்ளி விசார்ட் நின்றால்? 2ஆம் லெவலிலேயே கிடைத்துவிட்ட ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் இருக்கிறது. செலவு எதுவும் இல்லை, நண்பருக்கு ஒரு பொறிகூடப் படாது. சார்சரரின் தனிச்சொத்து என்று கொடுத்த வித்தையை, பக்கத்து கிளாஸ் இலவசமாகவும் இன்னும் நன்றாகவும் செய்கிறது. முன்கதையில் எத்தனை டிராகன் ரத்தம் ஓடினாலும் அந்த மேசையில் சார்சரராக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிமிடம் கசக்கும். க்விக்கண்ட், ட்வின்ட் போன்ற மற்ற வித்தைகள் விசார்டுக்குக் கிட்டாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஹேஸ்ட்டை இரண்டு நண்பர்கள் மேல் போடுவதற்காகவே சார்சரர் எடுத்தவர்கள் உண்டு.

அதே அறையில் ஃபீண்டோடு ஒப்பந்தம் போட்ட வார்லாக் நிற்கட்டும். அவருக்கும் ஃபயர்பால் உண்டு. ஆனால் ஸ்லாட் இரண்டே இரண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும். ஆகவே அவர் மனதில் ஓடும் கணக்கு வேறு: இந்தச் சண்டை முடிந்ததும் குழு உட்காருமா, ஓடுமா? கிளெரிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவர் ஃபயர்பால் போட வேண்டும். 2014 பதிப்பின் மூன்று மந்திரக்காரர்களில் மிகத் தெளிவாகப் பிரிந்து நிற்பது வார்லாக்தான் என்பது என் கருத்து. அவருடைய முடிவு சண்டையைத் தாண்டி, குழுவின் நேரத்தைப் பற்றியது.

வடிவமைப்பாளர்களும் சார்சரரின் குறையை உணர்ந்தே இருந்தார்கள். 2020இல் தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் வந்த அபெரன்ட் மைண்ட், க்ளாக்வொர்க் சோல் என்ற இரண்டு கிளைகளும் கூடுதல் மந்திரங்களோடு வந்தன. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கேர்ஃபுல் ஸ்பெல் திருத்தப்பட்டு, நண்பருக்குப் பாதிச் சேதமும் இல்லை என்றானது. 20ஆம் லெவலில் மந்திரங்கள் 22. அதோடு இன்னேட் சார்சரி என்று ஒன்று: நாளுக்கு இரண்டு தடவை, ஒரு நிமிடம் மட்டும், அவருடைய மந்திரங்கள் வழக்கத்தைவிட வலிமை கொள்ளும். எந்த நிமிடம் என்பது ஆட்டக்காரர் கையில். எண்களைக் கூட்டியதைவிட இந்த ஒரு நிமிடம்தான் சார்சரரைத் தனி ஆளாக்கியது என்று நினைக்கிறேன்.

தெய்வத்தின் ஆட்களில் ட்ரூயிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரடியாகவும் கழுகாகவும் உருமாறுகிறவரை யாரும் கிளெரிக்கோடு குழப்பிக்கொள்வதில்லை. சிக்கல் பாலடினும் கிளெரிக்கும். இரண்டு பேருக்கும் கவசம், கேடயம், தெய்வ அருள், காயம் ஆற்றும் கை. மூன்றாம் பதிப்புவரை பிரித்து வைத்தது பாலடினின் நன்னெறிக் கட்டுப்பாடு. நான்காம் பதிப்பிலிருந்து அது தளர்ந்துபோனது. 2014இல் அந்த இடத்தை நிரப்பியது டிவைன் ஸ்மைட். கிளெரிக் ஒரு மந்திரத்துக்கு ஸ்லாட் செலவழிக்கும்போது அது பலிக்குமா என்று தெரியாது. பகடை பிறகுதான் உருளும். பாலடின் முதலில் வாளை வீசுவார். அடி பட்டதா என்று பார்ப்பார். கிரிட்டிக்கல் ஹிட்டா என்றுகூடப் பார்ப்பார். அதற்கப்புறம் ஸ்லாட்டைச் செலவழிக்கலாமா என்று முடிவெடுப்பார். பகடையில் 20 விழுந்ததும் மேசை முழுக்கப் பாலடினின் முகத்தைப் பார்க்கும் அந்த வினாடி வேறு எந்த கிளாஸிலும் வராது. 2024இல் ஸ்மைட் ஒரு மந்திரமாகி, ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் என்று சுருங்கியது. அடி பட்ட பிறகு முடிவு என்ற அந்த ஒழுங்கை மட்டும் கைவிடவில்லை. சரியாகவே செய்தார்கள்.

ஆயுதக்காரர்களில் பார்பேரியனும் ஃபைட்டரும் இதே கணக்கில் பிரிகிறார்கள். பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக், உன் அடி சுலபமாகப் படும், உன் மேலும் சுலபமாகப் படும் என்ற பேரம். ஒவ்வொரு சுற்றிலும் அவர் தன் உடம்பைப் பந்தயம் வைக்கிறார். ஃபைட்டரின் ஆக்ஷன் சர்ஜ், ஓய்வுக்கு ஒரு தடவை கிடைக்கும் கூடுதல் செயல். அதை எந்தச் சுற்றுக்கு வைத்துக்கொள்வது என்பது நிதானக்காரரின் கேள்வி.

ஆனால் என் அளவுகோலுக்கு அடங்காத ஓர் ஆளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். 2014 ஃபைட்டரின் சாம்பியன் கிளையில் முடிவெடுக்க ஏறக்குறைய எதுவும் இல்லை. 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல், அவ்வளவுதான். இதை வெறுமை என்று பழிப்பவர்கள் பலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாரம் முழுக்க அலுவலகத்தில் முடிவெடுத்துக் களைத்து வந்தவர், நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாளை வீசிவிட்டுப் போக விரும்பினால் அவருக்கும் அந்த மேசையில் நாற்காலி வேண்டும். பத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) வெறும் எண்ணாலேயே ஃபைட்டரைப் பிரித்தது: ஆயுதத் திறனில் அவர் மற்றவர்களைவிட 2 புள்ளி கூட. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த ஆட்டத்தில் இலக்கைவிட 10 கூட வந்தாலே கிரிட்டிக்கல் என்பதால், அந்த 2 ஒவ்வொரு வீச்சிலும் தெரியும். எண்ணும் ஒரு கிளாஸைப் பிரித்துக் காட்டலாம். அதற்கு விதிகள் அந்த எண்ணைக் கண்முன் கொண்டுவர வேண்டும்.

இந்தக் கேள்வியை நேரடியாகக் கையிலெடுத்த பதிப்பு 2008இல் வந்த நான்காவது. அது இரண்டு அச்சுகளை வைத்தது: சக்தி எங்கிருந்து வருகிறது, சண்டையில் என்ன வேலை. ஃபைட்டரும் பாலடினும் ஒரே வேலைக்காரர்கள், டிஃபெண்டர்கள். எதிரியைக் குறிவைத்து, அவன் தங்களை விட்டு வேறொருவரைத் தாக்கினால் தண்டிப்பார்கள். ஃபைட்டரின் தண்டனை பக்கத்தில் நிற்கும் வாள். பாலடினின் தண்டனை தூரத்திலிருந்தும் சுடும் தெய்வ ஒளி. சண்டைக்குள் இவ்வளவு துல்லியமான பிரிவினை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனாலும் எல்லாரும் ஒன்றுபோல் இருக்கிறார்கள் என்ற புகார்தான் அந்தப் பதிப்பின் மேல் அதிகம் எழுந்தது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒரு தடவை, நாளுக்கு ஒரு தடவை என்ற அதே மூன்று அடுக்கு விசார்டுக்கும் ஃபைட்டருக்கும் பொதுவாக இருந்தது. என்ன செய்கிறார்கள் என்பது வேறு. எந்தத் தாளத்தில் முடிவெடுக்கிறார்கள் என்பது ஒன்று. ஆட்டக்காரர்களின் காது அந்தத் தாளத்தைத்தான் கேட்டது.

கிளாஸே வேண்டாம் என்று சொன்ன ஆட்டங்களும் உண்டு. 1978இல் ரூன்க்வெஸ்ட், 1986இல் கர்ப்ஸ். அங்கே திறமைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாத்திரத்தைக் கட்டிக்கொள்ளலாம், யார் எதைப்போல் இருக்கிறார் என்ற கேள்வியே எழாது. எதிர்த்திசையில் டஞ்சன் வேர்ல்ட் (2012), ஒரு மேசையில் ஒரு கிளாஸுக்கு ஒருவர்தான் என்று வைத்தது. விசார்ட் என்றால் அந்தக் கதையில் அவர் ஒருவரே விசார்ட்.

கடைசியாக ரேஞ்சர். இவரை விட்டுவைத்ததற்குக் காரணம், எல்லாப் பதிப்புகளிலும் மிக அதிகமாகத் திருத்தப்பட்டவர்களில் ஒருவர் என்பதும், எனக்கு மிகப் பிடித்தவர் என்பதும். கதை என்று பார்த்தால் ரேஞ்சருக்குக் குறையே இல்லை. காடு, தடம், வில், தனிமை. ஆனால் ஃபைட்டரிடமிருந்தும், பழைய தீஃபின் இன்றைய வடிவமான ரோகிடமிருந்தும், ட்ரூயிடிடமிருந்தும் அவரைப் பிரிக்கும் முடிவு எது என்று கேட்டால், ஒவ்வொரு பதிப்பும் ஒரு பதில் சொல்கிறது. 1978இல் ஓர்க், கோப்ளின், ராட்சதர்கள் மேல் கூடுதல் சேதம். 1989இல் இரண்டு கையிலும் ஆயுதம். 2003இல் வில்லா, இரட்டை வாளா என்று தேர்வு.

2014இல் நடந்ததுதான் எனக்கு வருத்தம். நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு திறன் கொடுத்தார்கள். ரேஞ்சருக்குப் பழகிய நிலத்தில் குழு வழி தவறாது. கரடுமுரடான பாதை வேகத்தைக் குறைக்காது. உணவு தேடினால் இரட்டிப்பாகக் கிடைக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. மேசையில் என்ன ஆகும்? டஞ்சன் மாஸ்டர் சதுப்புக் காட்டை விவரித்து, எந்தப் பாதை என்று கேட்க வாயெடுப்பார், ரேஞ்சர் இருக்கிறாரே, தவற மாட்டோம் என்று ஒருவர் நினைவூட்டுவார், காடு முடிந்துவிடும். ரேஞ்சருக்கென்று இருந்த ஒரே காட்சி, ரேஞ்சர் இருந்ததாலேயே நடக்காமல் போனது. பாலடினுக்கு ஸ்மைட் ஒரு கேள்வியைக் கொடுத்தது. ரேஞ்சரிடமிருந்த கேள்வியை இந்தத் திறன் பிடுங்கிக்கொண்டது. தடத்தில் இரண்டு நாள் பழைய சேறு, மேற்கே புகை, குடிநீர் தீர்ந்துகொண்டிருக்கிறது, சுருக்குவழியில் போனால் ஒரு பகல் மிச்சம் ஆனால் அங்கே ஏதோ வேட்டையாடிய எலும்புகள் கிடக்கின்றன என்று, மற்றவர்களுக்குத் தெரியாததை ரேஞ்சருக்கு மட்டும் சொல்லி, இப்போது நீங்கள் முடிவெடுங்கள் என்று கேட்டிருக்கலாம்.

2016இல் திருத்தப்பட்ட ரேஞ்சரைச் சோதனைக்கு வெளியிட்டார்கள். 2020இல் தாஷா நூலில் மாற்றுத் திறன்கள் வந்தன. 2024இல் மொத்த கிளாஸையும் ஹன்டர்ஸ் மார்க் என்ற ஒரே மந்திரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். ஓர் எதிரியைக் குறித்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை. குறித்தபின் அதன்மேல் கான்சென்ட்ரேஷன் வைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தின் மேல்தான் அதை வைக்க முடியும் என்பதால் ரேஞ்சரின் மற்ற நல்ல மந்திரங்கள் பல அந்த நேரத்தில் கைக்கு எட்டாது. யாரைக் குறிப்பது என்ற முடிவும் சண்டைக்கு ஒன்றிரண்டு தடவைதான். பெரும்பாலும் பதில் கண்முன்னே பெரிதாக நின்றுகொண்டிருக்கும். இருபது லெவல் ஏறி உச்சிக்கு வரும் ரேஞ்சருக்கு அந்த நூல் கொடுக்கும் பரிசு, அந்த ஆறுமுகப் பகடை பத்துமுகப் பகடையாக மாறுவது.